பட்டுவின் நடத்தைச் சான்றிதழ்

சகாயராணியின் உத்தியோகம் பாம்புகளுக்கு நடத்தைச் சான்றிதழ் கொடுப்பது. கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு "கடிக்காதா?" என்பார்கள். கடிக்கும். பதினோரு வருடத்தில் ஒன்பது முறை கடித்திருக்கின்றன. அதில் ஏழு முறை தப்பு தன்னுடையது என்று அவளே ஒப்புக்கொள்வாள். மிச்சம் இரண்டைப் பற்றி அவளுக்கும் அவள் மனசாட்சிக்கும் இன்னும் வழக்கு நடக்கிறது.

விஷமில்லாத, மலைப்பாம்பு போல இரையைச் சுற்றி நெரிக்கும் போவா பாம்பை வீட்டில் வளர்க்கலாம் என்று சட்டம் வந்த பிறகு முளைத்த வேலை இது. நாய் குரைக்கும், பூனை முடி கொட்டும், கிளி மாடிவீட்டுச் சண்டையைக் கீழ்வீட்டுக்குச் சொல்லும். போவா மாதம் ஒருமுறை சாப்பிட்டுவிட்டுச் சும்மா கிடக்கும். அடுக்குமாடி வாசிகளுக்கு அது போதுமாயிருந்தது. புகார் வந்தால் சகாயராணி நேரில் போய்ப் பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒன்றைக் குறிக்க வேண்டும். பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால் மறுபடி பழக்க வேண்டும். சிவப்பு என்றால் அன்று மாலையே வண்டி வந்து காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடும். காப்பகம் போன பாம்பு வீடு திரும்பியதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

பீளமேட்டிலிருந்து வந்திருந்த புகார் சுருக்கமானது. "ரெண்டு வருசமா சாதுவா இருந்த போவா, அஞ்சு வாரமா எங்க வீட்டுக்காரரைப் போட்டு நெரிக்குது. வந்து எடுத்துட்டுப் போயிருங்க." கீழே கோகிலவாணி என்று கையெழுத்து.

கதவைத் திறந்தது அந்தக் கோகிலவாணிதான். ஐம்பத்துமூன்று, ஐம்பத்துநாலு வயது இருக்கும். உபசாரத்தில் குறையில்லை. காபி வந்தது, கூடவே தேங்காய் பன் வந்தது. ஆனால் காபியை வைத்த கையோடு, "வண்டி எத்தன மணிக்குங்க அம்மிணி வரும்?" என்று கேட்டாள்.

"முதல்ல பாக்கணும்க்கா. வண்டியெல்லாம் அப்புறம்தான்."

"பாக்கறதுக்கு என்ன இருக்குது? அவரு வெலாவுல தடம் பதிஞ்சு கெடக்குது."

'அவரு' கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சென்னியப்பன். ஒல்லியான மனிதர், முகத்தில் எப்போதும் ஒரு குறும்பு. இடுப்பில் பட்டையான பெல்ட், அதில் இரண்டு பேட்டரிகள், அவற்றிலிருந்து ஒரு வயர் பனியனுக்குள் போயிற்று. மணிக்கட்டில் மஞ்சள் வளையம். அதில் கொட்டை எழுத்தில், 'நாடி இருக்காது. உயிர் உண்டு' என்று எழுதியிருந்தது.

சகாயராணி இப்படி நெஞ்சில் மோட்டார் வைத்தவர்களைத் தெருவில் பார்த்திருக்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்து பேசியதில்லை. வளையத்தை உற்றுப் பார்த்ததற்குக் கூச்சப்பட்டு, வருகைப் பதிவுக் கருவியை நீட்டினாள். "உரிமம் உங்க பேர்லதானே சார்? விரலை வைங்க."

வைத்தார். 'உயிருள்ள விரலை வைக்கவும்' என்றது கருவி. செத்தவர் ரேகையை வைத்து உரிமம் வாங்கிய சில புத்திசாலிகளால் வந்த ஏற்பாடு அது. விரலுக்குள் ரத்தம் துடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ரேகையையே பார்க்கும்.

"ரெண்டு வருசமா இதையேதானுங்க சொல்லுது. நானும் வெச்சுட்டேதான் இருக்கறன்," என்று சிரித்தார் சென்னியப்பன்.

கோகிலவாணி வந்து, துணை உரிமையாளர் என்று பதிந்திருந்த தன் விரலை வைத்தாள். கருவி பச்சை காட்டியது. பழகிப்போன காரியம் என்பது அவள் வந்த வேகத்திலேயே தெரிந்தது.

"தப்பா நெனைக்கலைன்னா கேக்கலாமா சார்? துடிக்கவே துடிக்காதா?"

"கேளுங்க, கேளுங்க. சுத்தற மோட்டாருங்க இது. கெணத்து மோட்டாருக்கு அண்ணன் மகன்னு வெச்சுக்குங்க. வுட்டு வுட்டு அடிக்காது, ஒரே சீரா ரத்தத்தைத் தள்ளிட்டே இருக்கும். மொதமொதல்ல கண்டுபுடிச்சப்ப துடிக்கற மாதிரிதான் செஞ்சாங்க, அதெல்லாம் ரெண்டு வருசத்துல வால்வு போயிருச்சு. இது பத்து வருசம் ஓடும். நான் பம்ப் கம்பெனில டெஸ்டிங்ல இருவத்தஞ்சு வருசம் இருந்தவன். எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்ப உங்க இதயத்தை எடுத்துட்டாங்களா?"

"இல்லீங். அது பாட்டுக்கு உள்ளயே கெடக்குது. போர்க்கெணத்துல மாட்டிக்கிட்ட பழைய மோட்டார மேல எடுக்காம, பக்கத்துல புதுசா ஒண்ணு எறக்கற மாதிரி. இனி அது ஓடாதுன்னு எழுதியே குடுத்துட்டாங்க."

வேலை என்னவாயிற்று என்று அவள் கேட்கவில்லை, அவரே சொன்னார். கம்பெனி வாசலில் இருந்த வருகைக் கருவியும் இதே ஜாதிதான். தினமும் காலையில் இருநூறு பேர் வரிசையில் நிற்க, 'உயிருள்ள விரலை வைக்கவும்' என்று உரக்கச் சொல்லும். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். மேலாளர் இரக்கப்பட்டு அவருக்கென்று தனி நோட்டு போட்டுக் கொடுத்தார். அந்த இரக்கம்தான் தாங்கவில்லை. மூன்றாம் மாதம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழ, யாரோ நாடி பிடித்துப் பார்த்துவிட்டு முகத்தில் துண்டைப் போட்டு மூடிவிட்டார்கள். கண் விழித்துத் துண்டை விலக்கியபோது சுற்றியிருந்த கூட்டம் ஓடிய ஓட்டத்தை அவர் நடித்துக் காட்டினார். சகாயராணிக்குச் சிரிப்பு வந்தது.

"அப்பறந்தானுங்க பட்டுவ வாங்குனன். நான் தொட்டா ஒதுங்காத ஒரே சீவன்."

பட்டு கண்ணாடிக் கூண்டில் இருந்தாள். எட்டரை அடி நீளம், வெளிறிய காப்பி நிறம், முதுகில் வரிசையாகச் சேணம் வைத்தாற்போலக் கருஞ்சிவப்புத் திட்டுகள், வால் பக்கம் செங்கல் நிறம். கூண்டு நன்றாக இருந்தது. ஒரு பக்கம் முப்பத்திரண்டு டிகிரி, மறுபக்கம் இருபத்தாறு. தண்ணீர்த் தொட்டி, ஒளிந்துகொள்ள மண்பானை. வளர்க்கத் தெரிந்த கை. சகாயராணிக்கு மனதுக்குள் ஆர்வம் கிளம்பிவிட்டது. அவளைப் பொறுத்தவரை கெட்ட பாம்பு என்று ஒன்று கிடையாது. ஒரு போவாவின் குணம் மாறினால் காரணம் ஒன்று இருந்தே தீரும். அதைக் கண்டுபிடிக்காமல் சிவப்புக் குறிப்பவர்களை அவளுக்குப் பிடிக்காது.

"தோல் உரிக்கிற நேரமா? கண்ணு பால் கட்டியிருந்தா எரிச்சல்ல இருக்கும்."

"உரிச்சு ஒரு மாசமாச்சுங்க."

"சாப்பாடு?"

"மூணு வாரத்துக்கொருக்கா ஒரு பெரிய எலி. ஐஸ்பெட்டில இருந்து எடுத்து, வெதுவெதுன்னு தண்ணில போட்டு வெச்சு, கிடுக்கில புடிச்சுத்தான் குடுப்பன். சாப்புட்டு ரெண்டு நாள் தொடவே மாட்டன், கக்கிருமுன்னு."

"கையில எலி வாசனை?"

"சோப்புப் போட்டுக் கழுவாம கூண்டுப் பக்கம் போக மாட்டேனுங்க."

"கூண்டைத் திறந்ததும் கொக்கியால ஒரு தட்டு தட்டுவீங்கல்ல?"

சென்னியப்பன் முதன்முறையாகத் தலையைக் குனிந்தார். "அது மட்டும் பண்றதில்லீங்க."

சகாயராணி தன் பையிலிருந்த கொக்கியை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போனாள். போவாவைப் பழக்குவதில் இதுதான் அரிச்சுவடி. கூண்டு திறந்தால் அதற்குச் சாப்பாட்டு நினைப்புதான் வரும். கொக்கியால் கழுத்தருகே மெல்லத் தட்டினால், 'சாப்பாடு இல்லை, ஆள் வந்திருக்கிறேன்' என்று அர்த்தம். நாலைந்து மாதத்தில் புரிந்துகொள்ளும். அவள் தட்டினாள். பட்டு நாக்கை நீட்டி இரண்டு முறை சுழற்றிவிட்டு, கையில் ஏறித் தோளுக்கு வந்து, அங்கிருந்து வீட்டை வேடிக்கை பார்த்தாள். சீறல் இல்லை, கழுத்தை வளைத்துப் பாயப்பார்க்கும் தோரணை இல்லை. பையில் எப்போதும் வைத்திருக்கும் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அதன் நுரையீரலைக் கேட்டாள். களகளப்பு இல்லை. உடம்புக்கும் ஒன்றுமில்லை.

"தங்கமான பாம்பு சார் இது. நீங்க ஏன் தட்டறதில்ல?"

"தேவையே படலீங்களே. வந்த மொத நாளே என்ர மேல ஏறிப் படுத்துக்கிச்சு. ஒரு தடவ கூட என்னைச் சாப்பாடுன்னு நெனச்சதில்ல. மத்தவங்கள எல்லாம் மோந்து மோந்து பாக்கும், என்னை அதுகூட இல்ல."

இந்தப் பேச்சு பிடிக்காமல் கோகிலவாணி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாம்பைக் கூண்டில் விட்டுவிட்டு, கை கழுவும் சாக்கில் சகாயராணி பின்னாலேயே போனாள்.

"உங்களுக்கு அது மேல பயமாக்கா?"

குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் கோகிலவாணி சொன்னாள். "பயமில்ல அம்மிணி. கோவம். கல்யாணமாயி இருவத்தாறு வருசம் அவரு நெஞ்சு மேல தலை வெச்சுத்தான் தூங்குவன். அந்தச் சத்தம் கேக்காட்டி தூக்கமே வராது. ஆப்பரேசன் முடிஞ்சு வந்த அன்னைக்கு வெச்சுப் பாத்தன். ஙொய்ங்குன்னு ஒரு எரைச்சல். எதோ மிசின் ரூமுல படுத்தாப்புல. தலைய எடுத்துட்டன். அவரு ஒண்ணுமே சொல்லல. அப்பறம் நான் வெக்கவே இல்ல." குழாயை மூடினாள். "நான் தலை வெச்ச எடத்துல அது போயி படுத்துக்கிச்சு. ரெண்டு வருசம் பொறுத்துட்டன். இப்ப அது அவர நெரிச்சே கொன்னுருச்சுன்னா, நான் தலைய எடுத்ததுனாலதான்னு ஆயிராதா?"

சகாயராணி அந்த அம்மாளின் முழங்கையைத் தொட்டுவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினாள்.

"எப்படி நெரிக்குதுன்னு நான் நேர்ல பாக்கணும் சார். பயப்படாதீங்க, வால் பக்கத்தை நான் பிடிச்சுக்கறேன். எதாவதுன்னா வாலிலேருந்து பிரிச்சு எடுத்துருவேன்."

சென்னியப்பன் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சகாயராணி கூண்டிலிருந்து எடுத்துவிட்ட பட்டு அவர் மடியில் இறங்கி, பேட்டரி பெல்ட்டைத் தாண்டி, பழகிய தடத்தில் ஏறினாள். வயரை ஒருமுறை மோந்தாள். நெஞ்சில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, இடது விலாவுக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டாள். தலை மெல்ல எழுந்தது. நாக்கு அந்த ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தொட்டது. சுருள் இறுகியது. சென்னியப்பன் பல்லைக் கடித்தார். பத்து விநாடி. தளர்ந்தது. மறுபடி தலையை உயர்த்திப் பார்த்துவிட்டு, மறுபடி இறுக்கினாள்.

இரை பிடிக்கும் போவா இப்படிச் செய்யாது. முதலில் பாய்ந்து கடிக்கும், அப்புறம்தான் சுற்றும், சுற்றினால் விட்டு விட்டு இறுக்காது. இது கோபமுமில்லை, பசியுமில்லை. சகாயராணி இதைப் போன்ற ஒன்றை எங்கே பார்த்திருக்கிறோம் என்று யோசித்தாள். ஐஸ் உருகிய எலி சரியாகச் சூடாகாதபோது, இது செத்ததா உயிரோடிருக்கிறதா என்று தெரியாமல் சில பாம்புகள் குழம்பும், அப்போது பார்த்திருக்கிறாள்.

"சார், எலியைக் குடுத்தா எவ்வளவு நேரம் சுத்திப் பிடிச்சிருக்கும்?"

"கொஞ்ச நேரந்தான். லேசா இறுக்கிட்டு வுட்டுரும், அப்பறம் முழுங்கும்."

"அது செத்த எலி. உயிரோட இருக்கிற எலின்னா விடாது. போவாவுக்கு வெளிக்காது கிடையாது சார், ஆனா அதுக்கு உடம்பே காதுதான். சுத்திப் பிடிச்சிருக்கிறதோட இதயம் துடிக்கிறது அதுக்குத் தெரியும். துடிக்கிற வரைக்கும் இறுக்கும், நின்னதும் விட்டுரும்." சொல்லிக்கொண்டே வந்தவள், தன் பேச்சைத் தானே கேட்டவள் போல நிறுத்தினாள். "உங்ககிட்ட ஏன் ரெண்டு வருஷம் சாதுவா இருந்ததுன்னு இப்பப் புரியுது. உங்களுக்குத் துடிப்பு இல்ல. அதுக்கு நீங்க ஆளே இல்ல. வெதுவெதுன்னு இருக்கிற ஒரு மரக்கிளை."

அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்குத் தோன்றியது.

"கெளையா," என்றார் மெதுவாக. "என்னைப் புடிச்சுப் போயித்தான் படுக்குதுன்னு நெனச்சனே."

"அப்ப இப்ப மட்டும் ஏன் நெரிக்குது?" என்று கேட்டாள் சமையலறை வாசற்படியில் நின்றிருந்த கோகிலவாணி.

"அதுதான்க்கா எனக்கும் வேணும். பாம்பு மாறல. அப்ப கிளையிலதான் எதோ மாறியிருக்கு. சார், மோட்டார்ல எதாவது கோளாறா? ஆஸ்பத்திரில கேளுங்க."

பட்டுவைக் கூண்டில் சேர்த்துவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் பேசினார்கள். மோட்டார் தினமும் காலையில் தன் கணக்கைத் தானே அனுப்பிவிடுமாம். அதனால் சென்னியப்பனை யாரும் தொட்டுப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

"எல்லாம் நார்மல் சார்," என்றது ஓர் இளம் பெண் குரல். "வேகம் சரியா இருக்கு. அஞ்சாறு வாரமா கரண்ட் மட்டும் கொஞ்சம் கம்மியா இழுக்குது. நல்லதுதானே, பேட்டரி கூட நேரம் வருமேன்னு விட்டுட்டோம்."

"கம்மியா இழுக்குதா?" சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை நோயாளியாக இருந்தவர் ஒரு நொடியில் டெஸ்டிங் ஆளாகிவிட்டார். "வேகம் அதேதான்?"

"அதேதான் சார்."

போனை வைத்தார். "ஏனுங் அம்மிணி, ஒரு மோட்டாரு அதே வேகத்துல சுத்தி, அதே தண்ணியத் தள்ளி, கரண்ட மட்டும் கம்மியா இழுத்தா என்ன அர்த்தம் தெரியுமுங்களா?"

"தெரியாது சார்."

"அதே பைப்புல இன்னொரு மோட்டாரும் தள்ளுதுன்னு அர்த்தம்."

சொன்னவருக்கே அது புரிய ஒரு கணம் ஆயிற்று. சகாயராணி பையைத் திறந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாள். பாம்பின் நுரையீரல் கேட்கும் கருவி. மனிதரைக் கேட்க அவளுக்கு உரிமையும் கிடையாது, படிப்பும் கிடையாது. அதைச் சொல்லிவிட்டுத்தான் வைத்தாள், பட்டு நாக்கால் தொட்ட அதே இடத்தில்.

முதலில் இரைச்சல்தான். கோகிலவாணி சொன்ன அதே மிஷின் ரூம். மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். இரைச்சலுக்கு அடியில், வெகு தூரத்தில் யாரோ மூடிய கதவைத் தட்டுவது போல ஒன்று கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. அப்புறம் ஒழுங்காக, பலவீனமாக, விடாமல் கேட்டது.

அவள் கருவியைக் காதிலிருந்து எடுத்துக் கோகிலவாணியிடம் நீட்டினாள். "நீங்க கேளுங்கக்கா. எனக்குச் சரியாத் தெரியல." பொய்தான். தெரிந்திருந்தது.

கோகிலவாணி காதில் மாட்டிக்கொண்டாள். அரை நிமிடம் அசையவில்லை. பிறகு கருவியைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, தரையில் முழங்காலிட்டு, காதையே அந்த இடத்தில் வைத்துவிட்டாள். ஒரு வெளியாள் நிற்கிறாளே என்ற நினைப்பெல்லாம் இல்லை. சென்னியப்பனின் கை என்ன செய்வதென்று தெரியாமல் காற்றில் நின்றது, அப்புறம் அவள் தலைமேல் இறங்கியது.

"எரைச்சல் கேக்குதா?" என்று பயத்தோடு கேட்டார்.

"கேக்குது. கேட்டுட்டுப் போவுது. பேசாம இருங்க."

சகாயராணியே ஆஸ்பத்திரிக்குப் பேசி, கேட்ட துடிப்பைச் சொன்னாள். இருபது நிமிடம் கழித்து அங்கிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். இந்த முறை பேசியது பெரிய டாக்டர். ஓய்வு கிடைத்த இதயம் எப்போதாவது தேறுவதுண்டு, நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு, உடனே வரவேண்டும், மோட்டாரைக் கழற்றலாமா என்பதெல்லாம் பிறகு என்றார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். சென்னியப்பன் கூண்டைப் பார்த்தார்.

சகாயராணிக்கு இன்னும் தன் வேலை பாக்கியிருந்தது. படிவத்தில் 'குணம் மாறக் காரணம்' என்ற கட்டத்தில், 'வளர்ப்பவருக்கு இதயம் துடிக்கத் தொடங்கியிருக்கிறது' என்று எழுதினாள். மேலதிகாரி இதைப் படித்துவிட்டுப் போன் பண்ணுவார், பண்ணட்டும். நிறத்துக்கு வந்தபோது நிமிர்ந்து கோகிலவாணியைப் பார்த்தாள்.

"வண்டியக் கூப்புடட்டுமாக்கா?"

"எந்த வண்டி?" என்றாள் கோகிலவாணி. முகத்தைத் துடைத்துக்கொண்டே, "மூணு வாரமாகப் போவுது, அதுக்கு எலி எடுத்து வெக்கோணும்," என்றாள்.

"மஞ்சள் போடறேன். ஆனா சார், ஒண்ணு சொல்லணும். இனிமே நீங்க அதுக்குக் கிளை இல்ல. நெஞ்சு மேல படுக்க விடவே கூடாது. தூக்கும்போது எப்பவும் இன்னொரு ஆள் பக்கத்துல இருக்கணும். புது ஆள் மாதிரி முதல்லேருந்து பழக்கணும், நாலஞ்சு மாசமாகும். பழகினாலும் பழையபடி வந்து படுக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

சென்னியப்பன் தலையாட்டினார். இழந்தது கொஞ்சமில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. யாருமே அணைக்காத இரண்டு வருடங்களில் அணைத்துக் கிடந்தது அந்த ஒன்றுதான், அது அணைப்பு இல்லை என்று ஆன பிறகும்.

"வெரல வெக்கோணுமுங்களா?" என்று கேட்டார்.

வைத்தார். 'உயிருள்ள விரலை வைக்கவும்' என்றது கருவி. துடிப்பு இன்னும் விரல் நுனி வரைக்கும் வந்து சேரவில்லை. பழக்கதோஷத்தில் கோகிலவாணி கையை நீட்டினாள்.

"இருக்கட்டும்க்கா. அடுத்த மாசம் நான் வரும்போது அவரே வைப்பார்," என்று கருவியை மூடிவிட்டாள் சகாயராணி. கையெழுத்தில்லாத படிவத்துக்கு மேலதிகாரி இன்னொரு போன் பண்ணுவார்.

கிளம்பும்போது தன் கொக்கியைச் சென்னியப்பனிடம் கொடுத்தாள். அவர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் ஒருமுறை என்று கூண்டைத் திறந்தார். பட்டு தலையைத் தூக்கி, இரண்டு வருடத்தில் முதல் முறையாக, மற்றவர்களை மோப்பது போல அவரையும் மோந்து பார்த்தாள். கோகிலவாணி பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். சென்னியப்பன் கொக்கியை நீட்டி, கழுத்தருகே மெல்ல ஒரு தட்டுத் தட்டினார்.

"சாப்பாடு இல்ல கண்ணு," என்றார். "ஆளு."